கறிவேப்பிலைப் புழு ஒரே வாரத்தில் பரிணமித்துவிட்டதா?

அகிலா_அல்சூர் | ஞாயிறு, காலை 8.10

அல்சூரில் மூன்றாவது மாடி வீடு. பால்கனியில் இரண்டு தொட்டி கறிவேப்பிலை. போன மாதம் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. ஈரத்துணியால் துடைக்கப் போனேன், ஒன்று நகர்ந்தது. புழு! சில நாளில் அதே புழுக்கள் பச்சையாகி, சுண்டுவிரல் நீளத்துக்குக் கொழுத்துவிட்டன. ஈர்க்குச்சியால் ஒன்றைத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவட்டை மாதிரி ஒரு கொம்பை வெளியே நீட்டியது. கூடவே அழுகின ஆரஞ்சுத் தோல் வாடை.

விஷயம் அதுவல்ல. போன திங்களன்று ஒன்று கறிவேப்பிலைக் குச்சியிலேயே கூட்டுப்புழு ஆனது. இலைப்பச்சை நிறம், எட்டி நின்றால் தெரியவே தெரியாது. மறுநாள் இன்னொன்று தொட்டியை விட்டு இறங்கி, பழைய மர ஸ்டூலின் காலில் ஏறி அங்கே கூடாகிவிட்டது. அது பழுப்பு! மரத்தின் சிராய் மாதிரியே இருக்கிறது. ஒரே செடி, ஒரே தாயின் முட்டைகளாகத்தான் இருக்க வேண்டும்.

"கண்ணெதிரே பரிணாமம்" என்கிறார் வீட்டுக்காரர். பையன் சி.பி.எஸ்.இ. பத்தாவது. அவனிடம் கேட்டால் "தகவமைப்பு" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் புத்தகத்தைப் புரட்டினேன், பரிணாமம் என்ற பகுதியே இல்லை. யாராவது விளக்குங்களேன்.

ஜெயநகர் வாசு | ஞாயிறு, காலை 8.31

வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், துளி சோப்பு. தெளித்தால் புழு போய்விடும்.

அகிலா_அல்சூர் | ஞாயிறு, காலை 8.33

ஐயோ, போக வேண்டாம் சார். அது இருக்கட்டும்.

பூச்சிப்பித்தன் | ஞாயிறு, காலை 9.20

அக்கா, அது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்பார்கள். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் எதில் வேண்டுமானாலும் முட்டை வைக்கும். (எலுமிச்சை அழகி என்று இன்னொன்றும் இதே செடிகளுக்கு வரும். குட்டிப் புழுவில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.)

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் சுவாரசியம்.

கூட்டுப்புழு பச்சையா பழுப்பா என்பது மரபணுவில் முன்கூட்டி எழுதி வருவதில்லை. கூடு கட்ட உட்காரும் நேரத்தில் புழு அந்த இடத்தை உணர்கிறது: தொடும் பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா, வெளிச்சம் எப்படி என்பதை எல்லாம். அதைப் பொறுத்து உடம்புக்குள் ஹார்மோன் வேலை செய்து நிறம் முடிவாகிறது. பச்சைக்காரரையே ஸ்டூலில் விட்டிருந்தால் அவரும் பழுப்பாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆக, ஸ்டூலில் நடந்தது பரிணாமம் இல்லை. ஓர் உயிர் தன் ஆயுளுக்குள் செய்துகொண்ட மாற்றம்.

ஆனால் இடத்துக்கேற்ப நிறம் மாற்றும் அந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? அது பரிணாமம். தவறான நிறத்தில் தொங்கிய கூட்டுப்புழுக்களைப் பறவைகள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தித் தின்றதில் மிச்சமானது. சுவிட்சைச் சுவரில் பதித்தது பரிணாமம், உங்கள் வீட்டுப் புழு அதைப் போட்டது, அவ்வளவுதான்.

மர்ஃபிடவுன் மணி | ஞாயிறு, காலை 10.05

சுவிட்ச் உவமை எனக்குப் புரிகிறது, நாற்பது வருஷம் மெஷின் ஷாப்பில் இருந்தவன். ஆனால் என் கேள்வி வேறு. எங்கள் சமையலறையில் சின்னக் கரப்பான். ஆள் வந்து அலமாரி மூலையெல்லாம் ஜெல் புள்ளி வைத்துவிட்டுப் போனார். முதல் தடவை கொத்துக் கொத்தாகச் செத்தது. மூன்றாவது தடவை, ஜெல்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. கரப்பானுக்கு மருந்து பழகிவிட்டதா, இல்லை புத்தி வந்துவிட்டதா?

பூச்சிப்பித்தன் | ஞாயிறு, முற்பகல் 11.48

மணி அண்ணா, நீங்கள் போட்ட "பழகிவிட்டது" என்ற வார்த்தையில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. "கொசுவுக்குக் கொசுவத்தி பழகிப்போச்சு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். காரம் பழகுவது போல, பெங்களூர்க் குளிர் பழகுவது போல, கரப்பானும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகிக்கொண்டது என்ற படம் மனதில் வந்துவிடுகிறது. நடப்பது அப்படியில்லை. எந்தக் கரப்பானும் பழகவில்லை. பழகாதவை செத்தன. பிறக்கும்போதே வேறு மாதிரி இருந்த சில தப்பிப் பிள்ளை பெற்றன. இன்று உங்கள் அலமாரியில் ஓடுவது அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்.

ஜெல் விஷயத்தில் இது அழகாகவே தெரிந்த கதை. உங்கள் வீட்டில் இருப்பது ஜெர்மன் கரப்பான். 1980களில் அமெரிக்காவில் இனிப்பு கலந்த விஷ இரையை வைத்தார்கள். இனிப்புக்கு குளுக்கோஸ். சில வருஷத்தில் இரை வேலை செய்யவில்லை. விஷத்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்துப் பார்த்தால், கரப்பான் இரையைத் தொடவே இல்லை. 1993இல் வந்த கட்டுரை, குளுக்கோஸை வெறுக்கும் குணம் பரம்பரையாக வருகிறது என்று காட்டியது. 2013இல்தான் காரணம் பிடிபட்டது: அந்தக் கரப்பான்களின் வாயில் கசப்பை உணரும் நரம்பே குளுக்கோஸுக்கும் துடிக்கிறது. நமக்குச் சர்க்கரை, அதற்குப் பாகற்காய்.

புத்தி வரவில்லை. நாக்கு மாறிய கரப்பான்கள் மட்டும் பிழைத்தன.

இதில் ஒரு கூத்தும் உண்டு. ஆண் கரப்பான் கூடுவதற்கு முன் முதுகிலிருந்து ஓர் இனிப்புச் சுரப்பைப் பெண்ணுக்குக் கொடுக்கும், சீர்வரிசை மாதிரி. அதில் மால்டோஸ் என்ற சர்க்கரை அதிகம். பெண்ணின் எச்சில் பட்டதும் அது குளுக்கோஸாக உடைகிறது. குளுக்கோஸ் கசக்கும் பெண் பாதியில் எழுந்து போய்விடுகிறாள், கல்யாணம் நின்றுபோகிறது! இப்போது அந்த வகை ஆண்களின் சுரப்பில் எளிதில் உடையாத வேறொரு சர்க்கரை கூடியிருக்கிறது. சடங்கையும் சுருக்கமாக முடித்துக்கொள்கிறார்கள். நாம் அலமாரியில் ஒரு புள்ளி வைத்தோம், அது கரப்பான் வீட்டுக் கல்யாணம் வரை போய் நிற்கிறது.

மர்ஃபிடவுன் மணி | ஞாயிறு, நண்பகல் 12.10

சீர்வரிசை விஷயத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் இது தேவையா என்கிறாள்.

கெங்கேரி சாந்தி | ஞாயிறு, மாலை 4.30

ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை நான். அகிலா, உங்கள் பையன் மேல் தப்பில்லை. 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. "மரபும் பரிணாமமும்" என்றிருந்த பாடம் "மரபு" என்று மட்டும் ஆயிற்று. 1,800 பேருக்கு மேல் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டாவதில் உயிரியல் எடுத்தால் பாடம் இருக்கிறது. எடுக்காத பிள்ளைக்குக் கிடையாது.

தம்பி பூச்சிப்பித்தன் "பழகு" என்பதைப் பிடித்தார். நான் முப்பது வருஷமாகச் சண்டை போட்ட வார்த்தை வேறு: "பரிணாம வளர்ச்சி". எதற்கு அந்த "வளர்ச்சி"? படிக்கிற பிள்ளைக்குப் படிக்கட்டு ஞாபகம் வருகிறது, கீழே புழு, மேலே மனிதன். இருட்டுக் குகையில் வாழும் மீன் கண்ணை இழந்ததும் பரிணாமம்தான். அது என்ன வளர்ச்சி?

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் கலாபகோஸ் தீவுகளின் குருவி. டாப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் ஒவ்வொரு குருவியாகப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, கடினமானவைதான் மிச்சம். அதில் முக்கியமானது எது தெரியுமா? நெருஞ்சி! நம் ஊர்க் காட்டில் வெறுங்காலில் நடந்தால் குத்துமே, அந்தப் பேரினம்தான். அந்தக் காயை உடைக்கப் பெரிய அலகு வேண்டும். நடுத்தர அலகுத் தரைக்குருவிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் செத்தன. பிழைத்தவற்றின் அலகு, பழைய சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடுதல். அடுத்த தலைமுறையும் அப்படியே பிறந்தது.

அரை மில்லிமீட்டர்! கரும்பலகையில் வரைந்தால் சுண்ணக்கட்டியின் கோடே அதைவிடப் பட்டை. அதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடைவெளி.

1983இல் எல் நினோ. பேய்மழை. கொடிகள் மண்டி, சின்ன விதை கொட்டிக் கிடந்தது. அப்புறம் வந்த வருஷங்களில் சின்ன அலகுக்காரர்களுக்கு யோகம், சராசரி திரும்பி இறங்கியது. இதில் எது "வளர்ச்சி"? ஏறியதா, இறங்கியதா?

ஒயிட்ஃபீல்டு விக்கி | ஞாயிறு, இரவு 9.15

எல்லாம் சரி மேடம். ஆனால் குருவி குருவியாகத்தானே இருக்கிறது, கரப்பான் கரப்பானாகத்தானே இருக்கிறது? ஒன்று இன்னொன்றாக மாறியதை யாராவது பார்த்தார்களா? அப்புறம், இங்கிலாந்தில் புகையால் மரங்கள் கறுத்ததும் பறவைக் கண்ணுக்குத் தப்பிய கறுப்பு அந்துப்பூச்சி பெருகியது என்ற கதை மோசடி, பூச்சியை மரத்தில் ஒட்டிப் படம் எடுத்தார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பூச்சிப்பித்தன் | ஞாயிறு, இரவு 10.40

படத்துக்காகப் பூச்சியை மரத்தில் வைத்தது உண்மை. 1950களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் இதைக் காட்டச் செய்த சோதனையில் குறைகள் இருந்ததும் உண்மை. ஆனால் அதோடு கதை முடியவில்லை. மைக்கேல் மஜெரஸ் என்பவர் 2001 முதல் 2007 வரை, கேம்பிரிட்ஜில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே 4,864 பூச்சிகளை விட்டுச் சோதித்தார். பறவைகள் கொத்துவதைத் தன் கண்ணால் பார்த்துக் குறித்தார். அப்போது காற்று சுத்தமாகிவிட்டதால் கறுப்புப் பூச்சிதான் அதிகம் சிக்கியது. அவர் 2009இல் இறந்துபோனார், முடிவுகளை மற்றவர்கள் 2012இல் வெளியிட்டார்கள். 2016இல் கறுப்பாக்கும் மரபணு மாற்றமும் கண்டுபிடிக்கப்பட்டது. வீடியோ இதையெல்லாம் சொல்லியிருக்காது.

முதல் கேள்வி நியாயமான கேள்வி. சாந்தி மேடம் சொன்ன அதே டாப்னே தீவு. 1981இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் எஸ்பனோலா தீவிலிருந்து ஓர் ஆண் குருவி வந்து சேர்ந்தது. வேறு இனம், பெரிய உடம்பு, வேறு பாட்டு. உள்ளூர்ப் பெண்ணோடு கூடியது. குஞ்சுகள் அப்பாவின் பாட்டைக் கற்றன. அந்தப் பாட்டுக்கு உள்ளூர்ப் பெண்கள் மசியவில்லை. வேறு வழியில்லாமல் பேரன் பேத்திகள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தார்கள். மூன்றே தலைமுறையில் தனி வம்சம், தனி அலகு. கிராண்ட் தம்பதி முதல் ஆளிலிருந்தே ரத்தம் எடுத்து வைத்திருந்ததால், 2017இல் மரபணு வரிசையோடு நிரூபித்தார்கள். இதைப் புது இனம் என்று முத்திரை குத்துவதா என்று வாதாடலாம். பிரிவது நடக்கிறது என்பதில் வாதமில்லை.

ஒயிட்ஃபீல்டு விக்கி | ஞாயிறு, இரவு 10.58

சரி, அந்துப்பூச்சியை வாபஸ் வாங்குகிறேன். மற்றதை யோசிக்கிறேன்.

எலகங்கா ரகு | திங்கள், காலை 7.02

பரிணாமமா, கற்றலா என்ற கேள்விக்கு நம் ஊர் உதாரணம் ஒன்று. எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் கல்லுடைத்து மிச்சம் விட்ட பாறை ஒன்று உண்டு. அதில் பாறை ஓணான்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு சிவக்கும், பக்கவாட்டில் கரேலென்று ஆகும். நான் நடைப்பயிற்சி போகும்போது பத்தடி வரை விடும். ஒருமுறை கிராமத்துப் பக்கம் போனபோது அதே இனம், ஐம்பதடியிலேயே பொந்துக்குள் போய்விட்டது.

இந்த ஓணானை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்.சி.) மரியா தாக்கரின் குழு ஆராய்கிறது. 2019இல் அனுராதா பதப்யாலும் அவரும் எழுதியது: இரண்டு மறைவிடங்களில் எது பத்திரம் என்பதைக் கிராமத்து ஓணானைவிடப் புறநகர் ஓணான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. லேஅவுட்காரன் புத்திசாலி!

இப்போது கேள்வி: அந்த வேகம் பிறவியிலேயே வந்ததா, நகரத்தில் வளர்ந்ததால் வந்ததா?

பூச்சிப்பித்தன் | திங்கள், காலை 9.33

ரகு, அதைப் பிரிக்க ஒரே வழி, இரண்டு ஊர் முட்டைகளையும் ஒரே இடத்தில், ஒரே சாப்பாட்டில் வளர்த்துப் பார்ப்பது. புவேர்ட்டோ ரிக்கோவில் ஒரு பல்லியினத்தில் செய்தார்கள், கட்டுரை 2016இல் வந்தது. நகரப் பல்லிகளுக்குக் கால் நீளம், விரலடியில் ஒட்டும் செதில் வரிசைகளும் அதிகம், வழவழப்பான சுவரில் ஏறத் தோதாக. ஒரே கூண்டில் வளர்ந்த குட்டிகளிலும் அந்த வித்தியாசம் நின்றது. அது வெறும் பழக்கமில்லை.

குரங்கு தண்ணீர்க் குழாயைத் திறப்பது, காக்கை குப்பை வண்டி வரும் நேரத்துக்கு வந்து உட்காருவது எல்லாம் கற்றல் கணக்கில்தான் வரும். அடுத்த தலைமுறை மறுபடி பார்த்துத்தான் கற்க வேண்டும்.

மர்ஃபிடவுன் மணி | திங்கள், முற்பகல் 11.20

எல்லாமே எப்படியோ தப்பித்துக்கொள்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். சின்ன வயதில் ராமநகரம் போனால் பாறைக்கு மேலே பிணந்தின்னிக் கழுகு வட்டம் வட்டமாகச் சுற்றும். போன வருஷம் பேரனைக் கூட்டிப்போய் மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலிதான் மிச்சம். அது ஏன் தகவமைத்துக்கொள்ளவில்லை?

கெங்கேரி சாந்தி | திங்கள், மாலை 5.15

மணி சார், இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இது.

மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் காரணம். அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிடும். காரணம் 2004இல் தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு இந்தியா தடை போட்டது. அதற்குள் வெண்முதுகுக் கழுகில் ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சினாலே பெரிது என்ற நிலை.

கொசு ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டை வைக்கும். இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். ஒரு வருஷத்தில் இருபது தலைமுறைக்கு மேல் பார்த்துவிடும். லட்சத்தில் ஒன்றுக்கு மருந்தைத் தாங்கும் உடம்பு இருந்தாலும் போதும், அடுத்த மழைக்குள் ஊரெல்லாம் அதன் வாரிசு. கழுகு வருஷத்துக்கு ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டை வைக்க ஐந்து வருஷம் ஆகும். மருந்து வந்து பதினைந்து வருஷத்துக்குள் கூட்டம் காலி. கழுகுக்கு அது மூன்றே தலைமுறை. தாங்கும் உடம்பு உள்ள கழுகு ஒன்று பிறக்கவே அவகாசம் இல்லை.

தகவமைப்பு என்பதை உயிர்களுக்கு இயற்கை கொடுத்த வரம் மாதிரிப் பிள்ளைகள் எழுதுவார்கள். வேண்டிக்கொண்டால் வருவதில்லை அது. கூட்டத்தில் ஏற்கெனவே வேறுபாடு இருக்க வேண்டும், அது பெருகத் தலைமுறைகளும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அழிவுதான். ராமநகரத்தில் ராமதேவர பெட்டா என்ற குன்றை 2012இல் கழுகுச் சரணாலயமாக அறிவித்தார்கள். நீள்அலகுக் கழுகுகள் சொற்பமாக அங்கே இருந்தன. அடுத்த முறை பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

அகிலா_அல்சூர் | வெள்ளி, காலை 7.50

எல்லோருக்கும் நன்றி. பையன் இழை முழுவதையும் படித்தான், கரப்பான் கல்யாணத்தை இரண்டு முறை.

செய்தி: இன்று காலை பச்சைக் கூடு திறந்துவிட்டது! கசங்கிய புடவை மாதிரி வெளியே வந்து, அரைமணி நேரம் குச்சியில் தொங்கிச் சிறகை நீவிக்கொண்டது. ஆனால் பூச்சிப்பித்தன் தம்பி, நீங்கள் சொன்ன பெயரில் தேடிப் பார்த்தால் கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை என்கிறார்கள். இதற்குப் பின்சிறகு நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகளும். வேறு ஏதாவது வந்து மாறிவிட்டதா?

பூச்சிப்பித்தன் | வெள்ளி, காலை 8.25

அக்கா, உங்களுக்கு யோகம். அது பெண். இந்த இனத்தில் ஆண் எல்லாம் ஒரே மாதிரி, வெள்ளைப் பட்டை. பெண்ணில் மட்டும் மூன்று வேஷம் நம் பக்கம் உண்டு: ஆணைப் போலவே ஒன்று, காமன் ரோஸ் என்ற வேறு இனப் பட்டாம்பூச்சியைப் போல ஒன்று, கிரிம்சன் ரோஸ் என்ற இன்னோர் இனத்தைப் போல ஒன்று. உங்களுடையது இரண்டாவது. ரோஸ் வகைப் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி தின்று வளரும். அந்த விஷம் பட்டாம்பூச்சி உடம்பிலும் தங்கும். ஒருமுறை தின்ற பறவை மறுமுறை தொடாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த நம் ஆளிடம் விஷம் கிடையாது, சும்மா உடுப்பு மட்டும். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: அசல் ரோஸுக்கு உடம்பு சிவப்பு, உங்களுடையதற்குக் கறுப்பு.

எல்லாப் பெண்ணும் ஏன் வேஷம் போடவில்லை? போலி பெருகிவிட்டால் பறவைக்குச் சந்தேகம் வந்துவிடும். தின்று பார்க்கும், ருசியாக இருக்கும், அப்புறம் வேஷத்துக்கு மதிப்பில்லை. போலி குறைவாக இருக்கும் வரைதான் வியாபாரம் ஓடும்.

இது ஸ்டூல் கேஸ் மாதிரி இல்லை. கூட்டின் நிறம் இடத்தைப் பொறுத்தது. சிறகு வேஷம் பிறப்பிலேயே மரபணுவில் வருவது, எங்கே வளர்த்தாலும் மாறாது. டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு இதை நடத்துகிறது என்று 2014இல் நேச்சர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் கிருஷ்ணமேக் குந்தே, இங்கே ஹெப்பால் தாண்டி ஜி.கே.வி.கே. வளாகத்தில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் இருப்பவர். உங்கள் பால்கனியிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். ஒரே பூச்சியில் இரண்டும் இருக்கிறது பாருங்கள், பையனிடம் காட்டுங்கள்.

ஒயிட்ஃபீல்டு விக்கி | வெள்ளி, காலை 9.40

படம் போடுங்க அகிலா. ஸ்டூல் கூடு என்ன ஆயிற்று?

அகிலா_அல்சூர் | அடுத்த வியாழன், இரவு 8.20

படம் எடுக்கப் போனைத் தேடுவதற்குள் பறந்துவிட்டது.

ஸ்டூல் கூட்டில் இன்று குண்டூசி முனையளவு ஓட்டை ஒன்று. அதற்குள்ளிருந்து எறும்பைவிடச் சின்னக் குளவிகள், ஒன்றன் பின் ஒன்றாக. பையன் நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டான். கூடு வெறும் ஓடு. அவ்வளவு பொருத்தமாக ஸ்டூலோடு ஒன்றிக் கிடந்ததே!

பூச்சிப்பித்தன் | வியாழன், இரவு 8.41

ஒட்டுண்ணிக் குளவி அக்கா. புழு கூடாகும் சமயம் பக்கத்திலேயே காத்திருந்து, தோல் மெத்தென்று இருக்கும்போதே முட்டையை உள்ளே குத்தி வைத்துவிடும். பழுப்பு நிறம் பறவையின் கண்ணுக்கான ஏற்பாடு. குளவி மோப்பத்தில் வருவது.

மர்ஃபிடவுன் மணி | வியாழன், இரவு 9.02

பூட்டு வாசலுக்கு, திருடன் ஓட்டைப் பிரித்து வந்துவிட்டான்.

அகிலா_அல்சூர் | வெள்ளி, காலை 6.55

இன்று காலை கொழுந்தில் மூன்று முட்டை. கடுகைவிடச் சின்னதாக, மஞ்சளாக. ஒரு தொட்டியை அவர்களுக்கே விட்டுவிட்டேன். வாசு சார், வேப்பெண்ணெய் இன்னொரு தொட்டிக்கும் வேண்டாம்.